சிவப்பு எரியாத மத்தியானம்

அன்று மத்தியானம் மூன்று முறை மின்சாரம் போய் வந்தது. முதல் இரண்டு முறையும் அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போய், அப்பாவின் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டனை அழுத்திப் பார்த்தாள். மூன்றாவது முறை போகவில்லை.

அவளுக்குக் காது கேட்காது. பதினோரு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போயிற்று. பேச்சு மட்டும் தங்கியது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வாள், மீதியை ஊகித்துக்கொள்வாள். இப்போது நாற்பத்திரண்டு வயது. வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தாள்.

அப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். அங்கே இரைச்சலில் யார் கத்தினாலும் காதில் விழாது. கீழே நிற்பவன் கை காட்டினால் தூக்க வேண்டும், கை காட்டினால் இறக்க வேண்டும். அதனால் மகளுக்குக் காது போனபோது வீட்டில் திணறாத ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் அவள் முன்னால் வாயைப் பெரிதாகத் திறந்து கத்திக்கொண்டிருக்க, அவர் கையாலேயே அவளோடு பேசினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. வாயில் பாதிதான் அசைந்தது. அந்தப் பாதி வாயைப் படிக்க அவள் புதிதாகப் பழகிக்கொண்டாள்.

அம்மா இல்லாத வீடு. அப்பா கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பிதான் யோசித்து அந்த ஏற்பாட்டைச் செய்தான். பட்டனை அழுத்தினால் முன்னறை, சமையலறை, குளியலறை மூன்றிலும் இருக்கிற ஸ்மார்ட் பல்புகள் சிவப்பாகி விட்டுவிட்டு எரியும். வாசல் மணியை அழுத்தினால் பச்சை. கூடவே அவள் போனும் அதிரும். முதல் வாரம் அப்பா சும்மா சும்மா அழுத்தினார். அவள் ஊசியைப் பாதியில் விட்டு ஓடி வந்து, "என்னப்பா?" என்பாள்.

"ஒண்ணுமில்ல. முதலாளியம்மா வேலை பாக்கறாங்களா, தூங்கறாங்களான்னு பாத்தேன்."

மின்சாரம் போய் வந்தால்தான் தொல்லை. பல்புகள் தாமாகவே வெள்ளையாக எரிந்துவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் சில நேரம் வைஃபையோடு தொடர்பு அறுந்து கிடக்கும். அப்படி ஒரு நாள் அப்பா அழுத்தி அழுத்திப் பார்த்து, ஒரு மணி நேரம் ஈரத்திலேயே கிடந்தார். அன்றைக்கே அவள் தம்பிக்கு எழுதினாள்.

"சுவிட்சை அணைச்சு பத்து செகண்ட் கழிச்சுப் போடுக்கா. தானா வந்துடும்," என்று பதில் வந்தது.

"இதுக்கு நிரந்தரமா எதுவும் பண்ண முடியாதாடா?"

"முடியும். ரூட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி வச்சாப் போதும். அடுத்த தடவை வரும்போது வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் கரண்ட் வந்ததும் ஒரு தடவை அழுத்திப் பாத்துக்கோ."

அதற்குப் பிறகு தம்பி இரண்டு முறை வந்து போனான். பேட்டரி வரவில்லை. இரண்டாம் முறை அவள் கேட்டதற்கு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

அன்றைக்கு மின்சாரம் மூன்றாவது முறை போனபோது ஒரு நர்ஸ் வந்திருந்தாள். மறுநாள் வேலையில் சேர வேண்டும், தைத்த சட்டை தோளில் பிடிக்கிறது என்றாள். இருட்டில் உதடு தெரியாததால் இருவரும் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார்கள். மூன்று மணிக்குச் சற்று முன் விளக்கு வந்தது. தோளைப் பிரித்து, குண்டூசி குத்தி, இன்னொரு தடவை போடச் சொல்லி, கழற்றச் சொல்லி, நர்ஸை அனுப்பும்போது மணி மூன்று பத்து. தலைக்கு மேல் வேலை இருந்தது. அப்பா இரண்டாம் முறையே, "மறுபடியும் கரண்ட் போச்சுன்னா தூங்கற ஆளை எழுப்பாதே, தாயே," என்று கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். அறை பளிச்சென்று இருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்தாள். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

நாலு மணிக்கு டீயோடு போனபோது கட்டிலில் அப்பா இல்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையிலிருந்த சந்தில் தலைகீழாகச் சரிந்து கிடந்தார். முகவாய் மார்பில் மடங்கியிருந்தது. கால்கள் மட்டும் கட்டில்மேல் இருந்தன. டீயைத் தரையில் வைத்தாள். பிறகு கால்களைப் பிடித்து இழுத்தாள். இடது கட்டைவிரல் பட்டன்மேல் விறைத்து நின்றது.

தம்பி சாயங்காலமே வந்து சேர்ந்தான். டாக்டர் அவனை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப்போய்ப் பேசினார். தன் குரல் கேட்காத ஒருத்திக்காகக் குரலைத் தாழ்த்தினார், பாவம். இருபதடி தூரத்திலிருந்து அவள் அவர் உதட்டைப் படித்தாள். "உடனே போயிருக்காது. அரை மணி நேரமாவது ஆயிருக்கும்."

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் காலை, தம்பி நாற்காலிமேல் ஏறி அலமாரி மேலிருந்த ரூட்டரை இறக்கினான். யாரும் கேட்காமலே அதை அணைப்பதும் போடுவதுமாக இருந்தான். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"கரண்ட் வந்த உடனே பல்பு வைஃபையத் தேடுதுக்கா. ரூட்டர் எழுந்திரிக்க மூணு நிமிஷம் ஆகுது. பல்பு அதுக்குள்ள தேடித் தேடி ஓய்ஞ்சு போயிடுது. ஒரு தடவை பிடிச்சுக்கும், ஒரு தடவை விட்டுடும்."

"பட்டன்?"

"அதுக்குத் தனியா பேட்டரி இருக்கு. அழுத்தினா அப்பவே போய்ச் சேர்ந்துடும்."

"அப்பா அழுத்தினாரா?"

அவன் குனிந்து கம்பியைச் சுருட்டினான்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுடா."

நிமிர்ந்தான். "இல்லக்கா. அழுத்தவே இல்ல. தூக்கத்துல சரிஞ்சிருக்கார். அவருக்கே தெரிஞ்சிருக்காது."

"டாக்டர் சொன்னதை நான் பாத்தேன்."

அவன் கம்பியைக் கீழே வைத்தான். பிறகு தன் போனைத் திறந்து அவளிடம் கொடுத்தான். பட்டன் அழுத்திய நேரங்கள் வரிசையாக இருந்தன. முதலாவது மூன்று பன்னிரண்டு. கடைசி மூன்று முப்பத்தாறு. நடுவே எல்லாம் நெருக்கமாக இருந்தன, பிறகு விலகி விலகிப் போயின. அவள் விரலை வைத்து எண்ணினாள். இருபத்துமூன்று. மூன்று பன்னிரண்டுக்கு நர்ஸின் சட்டைத் தோளைத் தைக்க ஆரம்பித்திருந்தாள். மூன்று இருபதுக்கு நூல் அறுந்தது, கோர்த்தாள். மூன்றரைக்கு முதுகை நிமிர்த்தி, விளக்கைப் பார்த்தபடி சோம்பல் முறித்தாள். விளக்கையே பார்த்தாள். அது வெள்ளையாக எரிந்தது.

"நாலு மாசம்," என்றாள். "நாலு மாசமா ஒரு பேட்டரி."

"தெரியும்க்கா."

"ரெண்டு தடவை வந்தே."

"தெரியும்னு சொல்றேன்ல. நீ மட்டும் அன்னிக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பாத்திருந்தா..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். மற்றவர்களிடம் அப்படி நிறுத்தினால் பாதியாவது சொல்லாமல் மிஞ்சும். அவளோ உதடு குவியும்போதே வாக்கியத்தின் கடைசிவரை போய்விடுகிறவள்.

"சொல்லு. முழுசா சொல்லு."

அவன் தரையில் உட்கார்ந்து ரூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். தோள்கள் குலுங்கின. அவள் பக்கத்தில் போகவில்லை. போக வேண்டும் என்று தெரிந்தது. கால் வரவில்லை.

மத்தியானம் அவன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு பல்புகளைச் சரிசெய்தான். யார் வாசலுக்கு வந்தாலும் அவளுக்கு அந்த வெளிச்சம்தான் சொல்ல வேண்டும், அப்படியே விட முடியாது. ஒவ்வொரு சுவிட்சையும் ஐந்து தரம் அணைத்து அணைத்துப் போட்டான். பல்பு படபடவென்று துடித்தது. மறுபடி வைஃபையோடு சேர்த்தான். மூன்றும் சேர்ந்த பிறகு மேஜைமேல் இருந்த பட்டனைக் கையில் எடுத்தவன், அழுத்தாமல் நின்றான்.

"குடு," என்று வாங்கி அவள் அழுத்தினாள்.

முன்னறை சிவந்தது. மெஷின், வெட்டிய துணி, தம்பியின் முகம், எல்லாம் சிவந்து சிவந்து அணைந்தன. அவள் சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். கச்சிதமாக வேலை செய்தது. திரும்பி வந்து, "இந்தச் சிவப்பை எடுத்துடு," என்றாள்.

அவன் எடுத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பத்து நிமிஷத்தில் ரூட்டருக்கான பேட்டரியோடு திரும்பி வந்தான். அடுத்த தெருவிலேயே ஒரு கடையில் இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவள் படித்துவிட்டாள்.

"என்னோட வந்துடுக்கா," என்றான் கிளம்பும்போது.

"வேலை இருக்கு."

அவன் வற்புறுத்தவில்லை. அவன் வற்புறுத்தாதது அவளுக்கு வலித்தது, ஆறுதலாகவும் இருந்தது. அதன் பிறகு வாரத்துக்கொரு முறை செய்தி அனுப்பினான். சாப்பாடு, மழை, உடம்பு. அந்த மத்தியானத்தைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. சில மாதங்களில் வாரம், மாதம் ஆயிற்று.

பேட்டரி வந்த பிறகு பல்புகளின் தொடர்பு ஒரு தடவைகூட அறவில்லை. ஆனாலும் மெஷினில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் கண் தானாக மேலே போயிற்று. தையல் கோணியது. ஒரு நர்ஸ் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அந்த வீட்டைக் காலி செய்து, ஆஸ்பத்திரி எதிரில் ஒரே ஒரு அறை பிடித்து, மெஷினைக் கதவுக்கு நேராகப் போட்டாள். வீட்டுக்காரர் மாட்டியிருந்த சாதாரண பல்பையே வைத்துக்கொண்டாள். கதவில் ஓர் அட்டை எழுதி ஒட்டினாள்: "காது கேட்காது. தட்ட வேண்டாம். தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள்."