பாதி சார்ஜில் நின்ற வண்டி

மீட்டரில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டர், டிரில் மாஸ்டர் வீட்டைத் தாண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றுவிட்டது. வீடு வீடாகப் போய் நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு எரிச்சல் தலைக்கேறியது. காலையிலிருந்தே நாள் சரியில்லை. இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட டிரில் மாஸ்டர் இன்றும் வாக்கரோடு கேட் வரை வந்து நின்றுகொண்டார். அவர் விழுந்தது இந்த மேட்டில்தான்.

"இன்னைக்கு வேணாம் டாக்டரம்மா, ரோடு சரியில்ல" என்றார். போன வாரம் போட்ட ரோடு, கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே மைதானத்தில் ஓடவிட்டவர், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். மசியவில்லை.

பேட்டரிக்காரருக்கு போன் போட்டாள். "வேன் அந்தச் சந்துக்குள்ள நுழையாதும்மா. மேல ரோட்டுக்குத் தள்ளிட்டு வந்துடுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்.

தள்ளினாள். வண்டி கல்யானை போலக் கனத்தது. பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. பிரேக்கைப் பிடித்தால் வண்டி நின்றது; விட்டால் அவளையும் இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு அடி தள்ளியபோது வண்டி திடீரென்று லேசானது.

"முன்னாடி பாரு! ஹேண்டிலை நேரா பிடி! லெஃப்ட்... ரைட்..."

அந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. வண்டிக் கண்ணாடியில் பார்த்தாள்; டிரில் மாஸ்டர் பின்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தார். வாக்கர் கேட்டருகே தனியாக நின்றது. 'சார், நீங்க நடக்குறீங்க' என்று நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். சொன்னால் அந்த நொடியே பயம் வந்து ஒட்டிக்கொள்ளும். பிரேக்கில் விரலை வைத்தபடி, அவர் சொன்ன தாளத்துக்கே காலை எடுத்து வைத்தாள்.

மேலே வேன் காத்திருந்தது. பேட்டரிக்காரர் சீட்டைத் தூக்கி, ஏதோ கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மீட்டர் பாதி காட்டுச்சே?" என்றாள்.

"சமதரையில சமாளிச்சிடும். மேட்டுல மோட்டார் மொத்தமா இழுக்கும்ல, வலுவில்லாத செல்லு ஒண்ணு படுத்துச்சுன்னா எல்லாம் சேர்ந்து நின்னுடும். சார்ஜ் ஏறி இறங்குறப்ப எல்லாம் உள்ள கொஞ்சம் பாலேடு மாதிரி படியும். படிஞ்ச அளவுக்குப் போன சக்தி திரும்பி வராது. அது எல்லா பேட்டரிக்கும் நடக்குறதுதான். ஆனா இது ரொம்ப சீக்கிரம் போயிடுச்சு. எங்க நிறுத்துறீங்க?"

"தகர ஷெட்டுல. ராத்திரி முழுக்க சார்ஜ்லதான் இருக்கும். லீவு நாள்ல பகல்லயும்."

"அதான். சூடும், எந்நேரமும் ஃபுல்லா இருக்குறதும் அதுக்கு ஆகாது. வேற பேட்டரிதான் மாத்தணும்."

அவளுக்கு கணவரின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்குள் சார்ஜர் வயரை எடுத்து மாட்டிவிடுகிற மனிதர். 'நீ நடுவழியில நிக்கக் கூடாதும்மா' என்பார். இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாது, புது பேட்டரியையும் அப்படித்தான் சீராட்டுவார். போன் செய்து பட்டென்று சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். அப்ப ஊட்டி ஊட்டியே கொன்னுட்டேனா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். கொஞ்சம் அசடு வழிந்த சிரிப்பு. "சரி, ஷெட்டை மாத்திடுறேன். நிழல்ல போட்டா போதுமான்னு கேளு. எவ்வளவு ஏத்தணும்னும் கேட்டு வை" என்றார். அடுத்த பிள்ளையை வளர்க்க இப்போதே தயாராகிவிட்டார்.

"ஓடி ஓடித் தேஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. நம்ம இடுப்பு மாதிரி" என்றார் டிரில் மாஸ்டர்.

"உங்க கதை வேற சார். உங்க காலு சும்மா வெச்சிருந்தாதான் கெடும்."

அப்போதுதான் அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். ஸ்கூட்டர் வேனில் ஏறியிருந்தது. பேட்டரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினார். பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

"டாக்டரம்மா... இப்ப எப்படி இறங்குறது?"

"ஏறுன மாதிரியே."

"என்னை ஏமாத்திட்டல்ல?"

"நான் கூப்பிடவே இல்லையே சார்!"

முறைத்தார். மீசை துடித்தது, கோபமா சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்குத் தாமதமாகிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படாமல் பக்கத்தில் போய் நின்று, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். கீழே வெயிலில் பளபளத்துக்கொண்டு இறங்கும் ரோட்டைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்து, மார்பை நிமிர்த்தி, மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் "லெஃப்ட்!" என்றார். இடது கால் தரையிலிருந்து மெல்ல எழும்பியது.