வெள்ளிக்கிழமை கழுவிய தொட்டி

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்துத் திருமுருகனை வீட்டுக்கு அனுப்பியபோது, மனதுக்கு அமைதியாக எதையாவது பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார் டாக்டர். டிவி செய்தி அதில் சேராது. எனவே அவர் மனைவி தனபாக்கியம் மயிலாடுதுறை கடைத்தெருவிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வந்தாள்.

வந்த உயிர் பசியோடு இருக்கக் கூடாது என்று வேளைக்கு ஒரு பிடி தீனி போட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு கழுவி விளக்குத் துலக்குகிறவள் தொட்டியை மட்டும் விட்டுவைப்பாளா? மீன்களைக் குண்டானில் விட்டுவிட்டு, கூழாங்கற்களைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தாள். வடிகட்டியின் பஞ்சைச் சோப்பு நுரையில் அலசினாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி, மீன்களை விட்டு, ஊதுவத்தி காட்டினாள். தண்ணீர் பளிங்காக இருந்தது. மறுநாள் காலை ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் வந்து பார்த்துவிட்டு, "நல்லதுதான்க்கா. அண்ணனுக்கு வர இருந்தத அது வாங்கிட்டுப் போயிருச்சு" என்றாள்.

தனபாக்கியத்துக்கு மனம் நிறைந்துபோயிற்று. செத்த மீனை வாழையிலையில் வைத்துக் காவிரிப் படித்துறையில் விட்டுவிட்டு, வரும் வழியில் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் ஒன்று செத்தது. அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு. அவளும் செத்ததற்கு ஈடாகப் புது மீன் வாங்கி விட்டபடியே இருந்தாள். "அவங்க வீட்டு மீனு ராசியான மீனு, வாரம் தவறாம சாவுது" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் செய்ததெல்லாம் அன்பினால்தான். அன்புக்கு ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் சற்றுக் குறைவு.

திருமுருகன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவருடைய ரத்த அழுத்தம் ஏறியது. தொட்டியில் ஒரே ஒரு மீன் மிஞ்சிய அன்று சொன்னார்:

"தனம், எனக்காக இதுவரைக்கும் ஏழு உயிரு போயிருக்கு. நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா? இதுவும் செத்துச்சுன்னா நான் மாத்திரையத் தொட மாட்டேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். தனபாக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டு மீன்கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் முகம்மது யூசுப் வலையைக் கையில் எடுத்தார். "வாங்கம்மா. வழக்கம்போல ஒண்ணா, ரெண்டா?"

"மீனு வேணாம் தம்பி. இருக்கறது சாகாம இருக்க வழி சொல்லுங்க."

தொட்டியை எப்படி வைத்திருக்கிறாள் என்று கேட்டார். புளி முதல் ஊதுவத்திவரை பெருமையோடு சொன்னாள். யூசுப் வலையைக் கீழே வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மீனோட கழிவச் சாப்பிட்டுத் தண்ணிய நல்லா வச்சிருக்கற நுண்ணுயிருங்க அந்தக் கல்லுலயும் பஞ்சுலயும்தான் குடியிருக்கு. நீங்க வாராவாரம் அதுங்களக் குடும்பத்தோட காலி பண்ணிடுறீங்க. குழாய்த் தண்ணில குளோரின் வேற. அப்புறம் மீனு எங்க பொழைக்கும்?"

"அவ்வளவு சுத்தமா வச்சிருந்தேனே."

"அதனாலதாம்மா."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

யூசுப் தலை குனிந்தார். "நீங்க கேக்கல. நானும் வித்துக்கிட்டே இருந்துட்டேன். தப்பு என் மேலயும்தான்."

தன் தொட்டியிலிருந்து பழுப்பேறிய பழைய பஞ்சு ஒன்றை எடுத்து, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். "இத உங்க வடிகட்டில வைங்க. கழுவிடாதீங்க. கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க, அதுவும் ஒரு நாள் வாளில திறந்து வச்ச தண்ணி. தீனி ஒரு சிட்டிகை போதும். ஒரு மாசத்துக்கு உங்களுக்கு மீனு தர மாட்டேன்."

கடையின் நல்ல வாடிக்கையை அவர் இப்படி இழந்தார். அன்று அவர் செய்த பெரிய தர்மம் அந்த அழுக்குப் பஞ்சுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடு முழுவதையும் கழுவிவிட்டுத் தொட்டி முன்னால் வந்து நின்றாள் தனபாக்கியம். கண்ணாடியில் பாசி லேசாகப் படர்ந்திருந்தது. கை பரபரத்தது. மாயூரநாதரிடம் ஒரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கால்வாசித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள். சனிக்கிழமை மீன் நீந்திக்கொண்டிருந்தது. திருமுருகன் அரை நாற்காலி திரும்பினார்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது மீன் வந்தது. புதுத் தண்ணீர் அதற்குப் பழகட்டும் என்று யூசுப் சொல்லியிருந்தபடி, பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பைக்குள் கலந்தார் திருமுருகன். வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவைப்பதுபோல் தனபாக்கியத்துக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டு மாதமாக ஒன்றும் சாகவில்லை. கண்ணாத்தாளுக்குத்தான் கவலை.

"அப்ப அண்ணனுக்கு வர்றதையெல்லாம் யாருக்கா வாங்கிக்கறது?"

திருமுருகன் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நானே வாங்கிக்கறேம்மா. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்."