மைதானத்தின் நடுவே ஒரு பந்தல்

யாராவது வருகிறார் என்று கேள்விப்பட்டால் போதும், நம் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. பெருமுக்கல் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தைப் பார்க்க ஜெகதீசன் வருகிறார் என்று விளையாட்டு டீச்சர் சங்கவி வாயைத் திறந்து சொன்னாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த தப்பு.

ஜெகதீசன் ரக்பிக்காரர். கொல்கத்தா, மும்பை என்று நாட்டில் பேர்பெற்ற ரக்பி மைதானங்களின் புல்லையெல்லாம் மிதித்துப் பார்த்தவர். பெண்கள் போட்டியை விழுப்புரத்தில் வைப்பதா, இங்கே வைப்பதா என்பது அவர் வாயால்தான் முடிவாக வேண்டும். இங்கே வைத்தால்தான் அஸ்வினி ஆடுவாள். அவளைப் போல முட்டி மோதிக்கொண்டு ஓட அணியில் வேறு ஆள் கிடையாது. ஆனால் அவள் அப்பா முத்துசாமி, கூலி வேலைக்குப் போகிறவர், பெண்ணை வெளியூர் அனுப்பமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். "பூசணிக்கா மாதிரி பந்த வெச்சிக்கினு மேல வுழுந்து பொரள்ற ஆட்டம். அதுக்கு வெளியூரு வேறயா?" என்று கேட்ட மனுஷன்.

சங்கவி காலையிலேயே விழுப்புரம் போய், அங்கே மைதானம் பார்த்துக்கொண்டிருந்த ஜெகதீசனோடு அவர் காரிலேயே கிளம்பினாள். விழுப்புரத்தில் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று அவர் முகம் சுளித்தார். அவளுக்கு வழியெல்லாம் உள்ளூரச் சந்தோஷம். நேற்று சாயங்காலம்தான் பெண்கள் எல்லோருமாகக் கல் பொறுக்கி, மைதானத்தைத் துடைத்து வைத்த மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

கார் நின்றதும் அவள் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

மைதானத்தின் நட்டநடுவே பந்தல்! வரிசையாக மூங்கில், தோரணம், இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். மேளம் வேறு. ஆட வந்த பெண்கள் முகம் செத்துப்போய் ஓரமாக நின்றார்கள். வார்டு மெம்பர் துரைக்கண்ணு மாலையோடு ஓடி வந்தார்.

"மாமா, யாரக் கேட்டு இங்க பள்ளம் தோண்டுனீங்க?" என்று சங்கவி பாய்ந்தாள்.

"யாரக் கேக்கணும்? பெரிய மனுசன் வெயில்ல நின்னா ஊருக்குத்தாம்மா அசிங்கம்."

ஜெகதீசன் கழுத்தில் விழுந்த மாலையோடு போய் ஒரு மூங்கிலை ஆட்டிப் பார்த்தார். குழி முழங்கை ஆழம்.

"நாடு பூரா கிரவுண்ட் பாத்துட்டேன்மா. எனக்காக அதுக்கு நடுவுல பந்தல் போட்டது நீங்கதான்."

"சார், இப்பவே பிரிச்சி மண்ணப் போட்டு மூடிடுறோம்."

"அடுத்த வாரம் போட்டி. அதுக்குள்ள மண்ணு இறுகாது. ஓடுற பொண்ணு கால் உள்ள போச்சுன்னா எலும்பு முறியும், யாரு பதில் சொல்றது? விழுப்புரத்துல தண்ணிய எறைச்சிக்கலாம்."

இளநீரைக் குடித்தார், கும்பிட்டார், போய்விட்டார். அவர்மேல் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது?

சங்கவிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எந்தப் புண்ணியவான் தோண்டுனது? வரச் சொல்லுங்க!" என்று கத்தினாள்.

பந்தலுக்குப் பின்னாலிருந்து கடப்பாரையோடு வந்தவர் முத்துசாமி. முகமெல்லாம் சிரிப்பு.

"நாந்தான் டீச்சர். இன்னிக்கு வேலைக்குக்கூடப் போவல. ஒண்டியாளா எல்லாக் குழியும் தோண்டுனேன். நம்ம அஸ்வினி ஆடப்போற எடமாச்சே! மேட்ச் என்னிக்கு?"

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்திருந்தது. சங்கவிக்குத் திட்ட மனசு வரவில்லை. அழுகையாக வந்தது.

"மேட்ச் விழுப்புரத்துலண்ணே. ரெண்டு பஸ்ஸு மாறினா போயிடலாம். நானே கூட்டிக்கினு போய், நானே கொண்டாந்து வுடுறேன். அனுப்புங்கண்ணே."

அஸ்வினி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். முத்துசாமி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார்.

"வெளியூரு வேணாம் டீச்சர். இங்க வெச்சா சொல்லுங்க. இதவிடப் பெருசா பந்தல் போட்டுத் தரேன்."