கேப்டன் எங்கே போனார்?

படகு ஆற்றில் மூழ்கி நாற்பது வருஷம் ஆகியும் ஊர் வாய் ஓயவில்லை. பயணிகள் நீந்தித் தப்பித்தார்கள். மெக்கானிக் படகோடு போய்விட்டார். கேப்டன்? முக்குளித்துப் பார்த்தவர்கள் சொன்னபடி மேல்தளத்தில் அவருடைய அறை காலி, உடலும் கிடைக்கவில்லை. போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டார் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊருக்கென்ன, நாக்குக்கு யாராவது வாடகையா கேட்கிறார்கள்?

கேப்டனின் மகள் இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறாள். எல்லாருக்கும் அவள் பஸ்காரக்கா. பிரேக் கொஞ்சம் கத்தினால் போதும், பின்சீட்டில் ஒருவன், “பார்த்துக்கங்கப்பா, அக்கா குதிச்சு ஓடிரப் போறாங்க” என்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

இந்தக் கோடையில் ஆற்றைத் தூர் வாரியபோது படகு மேலே வந்தது. அடித்தளத்து என்ஜின் அறையில், சேற்றுக்குள் இரண்டு பேருடைய எலும்புகள். ஒன்று மெக்கானிக் என்று அவர் மகனின் ரத்தத்தை வைத்துச் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்த எவனாவது இருக்கும் என்றார் அதிகாரி. கேப்டனுக்குக் கீழே என்ன வேலை என்று கேட்டார்.

பஸ்காரக்கா யூனிஃபார்மோடேயே தம்பியை இழுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது என்றார் டாக்டரம்மா. தம்பி பின்வாங்கினான்.

“வேணாம்க்கா. அப்பா இல்லன்னு வந்துட்டா? இப்ப ஊர்தான் சொல்லுது. அப்புறம் டாக்டரும் சொன்ன மாதிரி ஆயிடும்.”

“எனக்கு மட்டும் பயமில்லையாடா? அம்மா எதுவும் தெரியாமலே கண்ண மூடிட்டாங்க. நான் அப்படிப் போகமாட்டேன். சட்டைக் கைய மடி.”

முடிவு வந்த அன்று டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“உங்க அப்பாதாம்மா.”

“எப்படிக் கிடந்தார்?” என்று கேட்டாள் அக்கா.

“மெக்கானிக் கால் மேல ஒரு இரும்புத் தூண் சாஞ்சு கிடந்தது. உங்கப்பா மேல ஒண்ணுமே விழல. பக்கத்துல உக்காந்து, கடப்பாரையத் தூணுக்கு அடியில குடுத்து நெம்பியிருக்கார். கதவும் திறந்துதான் இருந்தது. அவர் நினைச்சிருந்தா மேல வந்திருக்கலாம்.”

ஊரெல்லாம் கரையில் தேடிய மனுஷன் படகின் அடிவயிற்றில் இருந்திருக்கிறார்! தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். அக்காவுக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கண்ணீரும் நிற்கவில்லை.

எலும்புப் பெட்டியைத் தம்பி தோளில் ஏற்றிக்கொண்டபோது அதிகாரி நெளிந்துகொண்டே வந்தார்.

“வாசல்ல டிவிக்காரங்க, ஊர் ஜனம், ஒரே கூட்டம்மா. பின்பக்கமா வண்டி நிறுத்தியிருக்கேன். சத்தமில்லாமப் போயிடலாம்.”

“ஓடுறவங்களுக்குத்தான் சார் பின்வாசல்,” என்றாள் அக்கா. “எங்கப்பாவுக்கு முன்வாசலத் திறங்க.”

அதிகாரி இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார்.