பக்கிள் இல்லாத பட்டை

பகமானி ஸிகாலிக்கு வலது கை மார்புக்கு மேல் எழும்பாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வகுப்பில் கரும்பலகையின் மேல்பாதியை அவர் தொடுவதே இல்லை. கணக்கெல்லாம் இடுப்பு உயரத்தில்தான் நடக்கும். தெரியவில்லை என்று கடைசி பெஞ்சுக்காரர்கள் முனகினால், "எட்டிப் பாருங்கடா, கழுத்துக்கு நல்லது" என்று சமாளித்துவிடுவார். உண்மை தெரிந்த ஒரே ஆள் மனைவி மாகுமேடே. காலையில் சட்டையின் வலது கையை மாட்டிவிடுவது அவள்தான்.

இந்த மனிதர்தான் நாற்பத்தொன்பது வயதில் கடலுக்கடியில் போகக் கற்றுக்கொண்டார். ஜோகன்னஸ்பர்க்காரர்கள் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு நம் சொத்வானா கடற்கரைக்கு வந்து மூழ்குகிறார்கள், கடலை வாசலில் வைத்திருக்கும் நாம் காலை நனைப்பதோடு சரியா என்று அவருக்கு ஒரு ரோஷம். பயிற்சியில் சேரும்போது கொடுத்த தாளில் உடம்பில் குறை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதினார். முதுகில் சிலிண்டரைத் தாங்கும் வாடகை ஜாக்கெட்டுக்குத் தோளின் இரண்டு பக்கமும் பக்கிள் இருந்தது. அமுக்கினால் கழன்றுவிடும். அதனால் குறை வெளியே வராமலே பயிற்சி முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று பயிற்சி எடுத்த கடைக்கே போனார்.

கடையில் சாமான் அறை தோபிலேயின் பொறுப்பு. இருபத்தாறு வயது. சிலிண்டருக்குக் காற்று நிரப்புவதில் தொடங்கி, கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கான பரீட்சைவரை எழுதித் தேறியவள். அன்று அவள் முகம் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது.

"சார், உங்களுக்குத் தெரியுமா? ஞாயித்துக்கிழமை எட்டு மணி படகுக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். இந்தக் கடையில நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி கூட்டிட்டுப் போறது இதுதான் முதல் தடவை. எங்கம்மா ஒரு வாரமா தூங்கவே இல்லை."

"அப்போ ஞாயித்துக்கிழமைக்கு என் பேரையும் எழுதிக்கோ" என்றார் பகமானி, தாராளமாக.

அவள் பாகங்களை மேசையில் பரப்பினாள். "இதுல எல்லாம் தனித்தனி சார். முதுகுக்குத் தகடு, அதுக்கு மேல காத்துப்பை, உடம்போட கட்டறதுக்குப் பட்டை. அவங்கவங்களுக்கு எது தோதோ அதைக் கோத்துக்கலாம். நாளைக்கே பை பத்தலைன்னா பையை மட்டும் மாத்தினாப் போதும். தகடு எஃகா எடுங்க, இடுப்புல கட்டற ஈயம் ரெண்டு கிலோ குறையும். பட்டையிலதான் ரெண்டு விதம் இருக்கு. இது தோள்ல பக்கிள் வச்சது. இது ஒரே நீளப் பட்டை, எங்கயும் வெட்டே கிடையாது. ஒரு கையால பட்டையைத் தோளுக்கு மேல தள்ளி, இன்னொரு கையோட முட்டியை மடக்கி உள்ளே இழுத்துத்தான் கழட்டணும். நம்ம படகுல ஏறதுக்கு முன்னாடி தண்ணியிலயே கழட்டிக் குடுக்கணும் இல்லையா? பக்கிள் வச்சதையே எடுங்க சார்."

நியாயமான பேச்சு. அவரும் தலையை ஆட்டத்தான் இருந்தார். அதற்குள் பக்கத்தில் முகமூடி பார்த்துக்கொண்டிருந்த ஜோகன்னஸ்பர்க் ஆசாமி ஒருவன் கேட்காமலே வாயைத் திறந்தான். "பக்கிள் உடையும் பெரியவரே. கத்துக்குட்டிகளுக்குத்தான் அது."

அந்தப் 'பெரியவரே'தான் குத்தியது. பகமானி நிமிர்ந்து, "ஒரே பட்டையே குடு" என்றார்.

தோபிலே நீளப் பட்டையைக் கையில் எடுத்தாள். "தோள் நல்லா வளையுமா சார்?"

"ஏன், என்னைப் பாத்தா கிழவனாத் தெரியுதா?"

"அய்யோ, அப்படி இல்லை சார். சரி, பயிற்சிக் குளத்துல ஒரு தடவை போட்டுக் கழட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அது இல்லாம நான் யாரையும் படகுல ஏத்தறதில்லை."

வெள்ளிக்கிழமை மாலை குளத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து இறங்கினார். போடுவதற்கே பத்து நிமிஷம் ஆனது. கழற்றவோ முடியவே இல்லை. கடைசியில் படிக்கட்டில் உட்கார்ந்து, பட்டையை முழுக்கத் தளர்த்தி, தோலை உரிக்கிற பாம்பாய் நெளிந்து வெளியே வந்தார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நேரே சாமான் அறைக்குப் போய், "பாத்துட்டேன் தோபிலே. வெண்ணெய் மாதிரிக் கழண்டுச்சு" என்றார்.

சார் சொன்னால் சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஞாயிறுவரை பொறுக்காமல் சனிக்கிழமை காலையே படகில் ஏறிவிட்டார். ரப்பர் படகு அலையைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போனது. படகோட்டி எலியாஸ் ஆளாளுக்குக் கை கொடுத்து மாட்டிவிட்டான், பகமானிக்கும்தான். எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பின்பக்கமாகச் சாய்ந்தார்கள். உள்ளே போனதும் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. உடம்பு மட்டமாக, ஏறாமல் இறங்காமல், மீன் நிற்பதுபோல் நின்றது. என் தேர்வு சரிதான் என்று நாற்பது நிமிஷம் பூரித்துப்போய்க் கிடந்தார்.

மேலே வந்தபோது கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது.

"ஈய பெல்ட்டைக் குடுங்க சார்!" என்றான் எலியாஸ். கொடுத்தார்.

"இப்போ சிலிண்டரைக் கழட்டுங்க!"

இடது கையை வெளியே எடுக்க, வலது கை இடது தோள்வரை எழும்பிப் பட்டையைத் தள்ள வேண்டும். அது எழும்பவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராய்க் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தோளைக் குலுக்குங்க சார்! கல்யாணத்துல ஆடற மாதிரி!"

படகே சிரித்தது. பகமானியும் சிரிக்கப் பார்த்து ஒரு வாய் உப்புத்தண்ணீரை விழுங்கினார். கை வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எலியாஸ் குதித்து வந்து கழற்றியிருப்பான். இவரோ, "மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு" என்றே கத்தினார். அடுத்த அலை படகைத் தூக்கி இவர்மேல் தள்ளியது. எலியாஸ் குனிந்து, கைக்கு அகப்பட்ட வலது கையைப் பிடித்து மேலே இழுத்தான்.

அவர் போட்ட அலறலில் சிரிப்பு நின்றது. எலியாஸ் மறுபேச்சு இல்லாமல் கத்தியை எடுத்துத் தோள் பட்டையை அறுத்தான். இரண்டு பேர் அவரைக் கழுத்துப் பக்கமும் இடுப்புப் பக்கமும் பிடித்து மீன் மூட்டைபோல் உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

கரையில் கூடாரத்துக்கு அடியில் கடைக்காரி க்ரோப்ளர் அம்மா காத்திருந்தாள். பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். தோபிலே எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அறுந்த பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு க்ரோப்ளர் அம்மா கேட்டாள்: "கழட்ட வராதவருக்கு இதை யாரு குடுத்தது?"

பகமானி டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "தோபிலேதான்" என்றார். அதுவரை பொய் இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "இதுதான் எனக்குத் தோதுன்னு சொன்னா. நான் புதுசு, நான் என்னத்தைக் கண்டேன்?"

"குளத்துல போட்டுப் பாக்கச் சொல்லலையா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலை."

தோபிலேயின் கை நின்றது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். நாலு பேர் நடுவில் வயதில் மூத்தவரைப் பொய்யர் என்று சொல்லும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. சொன்னால் சொன்னவளுக்குத்தான் கெட்ட பெயர். இது பகமானிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த மரியாதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது சோறு வேண்டும். இவருக்கு அந்தப் பெண்ணின் வளர்ப்பே போதுமானதாக இருந்தது.

"என் தப்புதாம்மா" என்றாள் தோபிலே.

"ஒரு பட்டையைப் பாத்துக் குடுக்கத் தெரியலை, எட்டு உசுரை எப்படிப் பாத்துக்குவே? நாளைக்கு நீ போக வேண்டாம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

தோபிலே சரி என்றாள். மிச்சமிருந்த கோப்பைகளுக்கும் டீ ஊற்றினாள்.

சாயங்காலம் மாகுமேடே தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அதற்குள் சேதி வீடு வந்து சேர்ந்திருந்தது. "சட்டை போட நான் வேணும், கடலுக்கு மட்டும் தனியாப் போயிடுவீங்களாக்கும்" என்று திட்டிக்கொண்டே தேய்த்தவள், திடீரென்று கையை நிறுத்தினாள். "கை இப்படின்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

"அவ கேட்டாத்தானே சொல்ல?"

"கேக்கவே இல்லையா! ஆளைக் கொல்லப் பாத்திருக்காளே! நாளைக்குச் சர்ச்சுல அவ அம்மாவை நாலு வார்த்தை கேக்காம விடறதில்லை."

சோளக்களியும் புளித்த பாலும் எதிரே ஆறிக்கொண்டிருந்தன. கேட்க வேண்டாம் என்று சொல்லப் பகமானி வாயெடுத்தார். ஏன் வேண்டாம் என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடற்கரைக்குப் போனார். தோபிலே காற்று நிரப்பும் கொட்டகைக்குப் பின்னால் சிலிண்டர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றுமுற்றும் யாருமில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் கிட்டே போனார்.

"தோபிலே, நேத்து நான் சொன்னது தப்பு. மனசுல வச்சுக்காதேம்மா. என்னை மன்னிச்சிடு."

அவள் குழாயை மூடினாள்.

"பொய்யைப் பன்னிரண்டு பேர் முன்னாடி சொன்னீங்க சார். உண்மையை மட்டும் கொட்டகைக்குப் பின்னாடி வந்து சொல்றீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பகமானிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று வண்டிவரை போனவர், கதவைத் திறந்து, மூடி, கூடாரத்துக்கு வந்தார்.

எட்டு மணிப் படகுக்குப் பெயர் கொடுத்தவர்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நேற்றைய முகங்கள் பாதி, புதிய முகங்கள் பாதி. 'பெரியவரே' சொன்னவனும் இருந்தான்.

"அம்மா, எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றார். இருபத்தைந்து வருஷம் வகுப்பெடுத்த குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது. "நேத்து நான் பொய் சொன்னேன். தோபிலே பக்கிள் வச்சதைத்தான் எடுக்கச் சொன்னா. தோள் வளையுமான்னும் கேட்டா. குளத்துல பாக்கவும் சொன்னா. நான் பாத்தேன், என்னால கழட்ட முடியலை. முடிஞ்சுதுன்னு அவகிட்டச் சொன்னேன். எனக்கு இந்தக் கை மேல வராது. ரெண்டு வருஷமா வராது."

காட்டுவதற்காக வலது கையைத் தூக்கினார். அது மார்புவரை வந்து நின்றுவிட்டது.

எலியாஸ்தான், "ஹாவு, சார்" என்று வருத்தமும் வியப்புமாக மெதுவாகச் சொல்லிவிட்டு மண்ணைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

க்ரோப்ளர் அம்மா கொட்டகைப் பக்கம் திரும்பி, "தோபிலே! உடையை மாத்து. எட்டு மணிப் படகு உன்னோடது" என்று கத்தினாள். பெயர்த் தாளைப் பார்த்துவிட்டு, "சார் பேரும் இதுல இருக்கு. ஒரு பக்கிள் ஜாக்கெட்டை எடுத்துக் குடு அவருக்கு" என்றாள்.

தோபிலே தாளை வாங்கிப் படித்தாள்.

"அவர் வேண்டாம்மா."

"தோபிலே" என்றாள் க்ரோப்ளர் அம்மா, தணிந்த குரலில். "அவர்தான் ஒத்துக்கிட்டாரே."

"கோபம் இல்லைம்மா. கீழே போனா வாய் கிடையாது. சரியா இருக்கீங்களான்னு நான் கையாலதான் கேப்பேன். அவரு சரின்னு காட்டுவாரு. அதை நம்பித்தான் நான் அடுத்த ஆளைத் திரும்பிப் பாக்கணும். இவரு காட்டினா என்னால நம்ப முடியாது." அவரிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்க சார்."

"சரிம்மா" என்றார் பகமானி. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் தள்ள முடியவில்லை. கணக்கில் விடையைக் கண்டுபிடித்த பிள்ளையை எத்தனையோ முறை தட்டிக்கொடுத்திருக்கிறார். இன்று அந்த விடை அவரே.

அரை மணி தாமதமாக, எட்டரைக்குப் படகைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். அவரும் இடது கையைக் கொடுத்தார். படகு அலையைத் தாண்டிய பிறகும் முழங்கால் தண்ணீரிலேயே நின்றார். அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. மாகுமேடே.

"சர்ச் வாசல்ல இருக்கேன். அந்தத் தோபிலேயோட அம்மா வந்துட்டா, இதோ என் எதிர்லதான் நிக்கறா. பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி—"

"அவங்களை ஒண்ணும் கேக்காதே."

"ஏன் கேக்கக் கூடாது?"

"பொய் சொன்னது நான். உன்கிட்டயும்தான். போனை அவங்க கையில குடு."

அந்தப் பக்கம் மாகுமேடே பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. போன் கைமாறியது. பிறகு ஒரு வயதான, பழக்கமில்லாத குரல் வந்தது.

"வணக்கம் சார். தோபிலேயோட அம்மா பேசறேன். கை எப்படி இருக்குங்க சார்? நேத்தே வீட்டுக்கு வந்திருக்கணும், கால் வலி, நடக்க முடியலை. எம்பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளே சார். நான் வளத்த வளப்பு சரியில்லை. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கோங்க சார்."

பகமானி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கடல் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட அந்த அம்மாள், குரலைக் கொஞ்சம் உயர்த்தி, வணக்கம் சார் என்று முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.