கண்ணாடியின் உள்பக்கம்

கொடி பிடித்து நின்ற பெரியவர் காரின் மூக்கில் ஓங்கி அறைந்த பிறகுதான் அங்கே ஒரு மனிதர் நிற்பதே அவளுக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தது அவள் கால்தான், அவள் அல்ல. முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி. உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒரு தெளிவு, அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடத் தெருவில் ஓட்டி வந்திருக்கிறாள்.

"கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காரும்மா!" என்று அவர் கத்தினார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மருந்துக்கடை வேலை முடிந்து வீடு திரும்பியதும் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த டப்பாவுல கண்ணாடிப் பனிய உருக்கற டீஃப்ராஸ்டரச் சரி பண்ணாம ஸ்டியரிங்ல கை வெக்கமாட்டேன்," என்றாள்.

"கரண்ட் வண்டிடி. குளிர்னா அதுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்."

"சிரிச்சீங்க, கெட்ட கோவம் வரும். ஒரு உசுரு போயிருக்கும் இன்னிக்கு."

நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பண்ணிய சேட்டைக்கு அவளுக்கு வாலு என்று பெயர். கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வால் எங்கே போனதென்று தெரியவில்லை. டம்ளரைக்கூடச் சத்தம் வராமல்தான் வைப்பாள். ஹால் சோபாதான் படுக்கை. அவளைக் கூடப் பிறந்தவள் மாதிரி வைத்திருக்கிறோம் என்பதில் இவளுக்கு மனதின் ஒரு மூலையில் பெருமை உண்டு. மருந்துக்கடையில் ஒன்றிரண்டு பேரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறாள்.

மெக்கானிக் காற்று வடிகட்டியை மாற்றினான். விசிறியைச் சுற்றவிட்டுக் கேட்டான். கண்ணாடிக்குக் காற்று வரும் வழியில் கையை வைத்துப் பார்த்து உதறிக்கொண்டான்.

"ஹீட்டர் அடுப்பாட்டம் இருக்குக்கா. வண்டில ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப பனி ஏன் போகமாட்டேங்குது? தினமும் சுரண்டறேன், ஒரு துளி பேந்து வரல."

"எந்தப் பக்கம் சுரண்டறீங்க?"

"இது என்ன கேள்வி? வெளிப்பக்கந்தான். பனி வெளியதானே பெய்யுது?"

அவன் கண்ணாடிக்கு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். உள்பக்கம் முழுக்கத் துணியால் தேய்த்த வளைவுகள்.

"உள்ள பிடிச்ச பனிக்கா இது. கதவ மூடிட்டு ராத்திரி பூரா ஆள் இருந்தா, விடற மூச்செல்லாம் கண்ணாடில ஒட்டி உறைஞ்சிரும். அதுக்கு மேல யாரோ ஈரத்துணியால துடைச்சும் விடறாங்க, அது இன்னொரு தடவ உறையுது. எந்த ஹீட்டர் தாங்கும்?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "என்னக்கா, சண்டையா? சாரை வெளிய படுக்க வெச்சுட்டீங்களா?"

"அவர் என் பக்கத்துலதான் படுக்கறார்," என்றாள். அந்த வீட்டில் மூச்சு விடுகிறவர்கள் மூன்றே பேர்.

வீட்டுக்கு வந்தும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக்குக்குக் கண் பிசகியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மறுநாள் விடியுமுன் எழுந்தாள். சோபாவில் போர்வை இல்லை, தலையணை சில்லிட்டிருந்தது. கணவனின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்க் காரின் பின்கதவைத் திறந்தாள்.

கோட்டும் போர்வையுமாக ஒரு மூட்டை. மூட்டைக்குள்ளிருந்து வாலு எழுந்து உட்கார்ந்தாள். கையில் துணி தயாராக இருந்தது.

"ஐயோ அண்ணி, நேரமாயிடுச்சா? இதோ துடைச்சுடறேன். அன்னிக்கு அந்தப் பெரியவர்... என்னாலதான். அதுலேந்து நல்லா அழுத்தித்தான் துடைக்கறேன். ஹீட்டர் போட்டா சார்ஜ் இறங்குமேன்னு போடல."

"பைத்தியமா உனக்கு? விறைச்சுச் செத்திருப்ப! உங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" தனக்கு முதலில் வந்த கவலை எதுவென்று அவள் காதிலேயே விழுந்தது. "சோபா வசதியா இல்லன்னா வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சோபா நல்லாத்தான் இருக்கு. சுவருதான் மெல்லிசு அண்ணி."

"அதனால?"

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல. எனக்கு அப்ப சளி. 'அவ மூச்சு விடற சத்தம்கூடத் தாங்க முடியல, தூக்கமே போச்சு'ன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்க. நீங்களும் காலைல வேலைக்குப் போகணும்ல. அதான்."

குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். அவள் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். எந்த ராத்திரி, என்ன கோபத்தில் சொன்னோம்? நினைவில்லை. கோபம்கூட இருந்திருக்காது, தூங்கப் போகும்போது கொண்டை ஊசியைக் கழற்றிப் போடுகிற மாதிரி சொல்லிவிட்டுப் புரண்டு படுத்திருப்பாள். கொஞ்ச நாளாக நன்றாகத் தூங்கியது மட்டும் நினைவிருந்தது. தலையணை மாற்றியதால் என்று நினைத்திருந்தாள்.

'நான் அப்படிச் சொல்லல' என்பது உதடு வரை வந்துவிட்டது. வாலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சரியாக் கேக்கல அண்ணி என்று உடனே ஒத்துக்கொள்ளத் தயாராக இருக்கிற முகம். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"சொன்னேன்," என்றாள். "சொல்லியிருப்பேன்."

வாலுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புக் கம்பி மாதிரி குளிர்ந்திருந்தது. விடாமல் இழுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் கணவன் வாயில் பிரஷ்ஷோடு நின்றான்.

"என்ன, ரெண்டு பேரும் இந்தக் குளிர்ல?"

"இன்னிலேந்து உங்க தங்கச்சி என் பக்கத்துல படுப்பா. உங்களுக்கு சோபா."

"நான் என்னடி பண்ணேன்?"

"கேட்டுட்டு சும்மா இருந்தீங்கல்ல."

அவன் விழித்தான். வாலு கூடவே வந்தாள். ஆனால் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டது, கையைப் பிடித்திருந்தவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.