ஒசாக்காவில எங்களுக்கு ஆர் இருக்கினம்?

ஒசாக்காவில எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. ஒண்டுவிட்ட தம்பி இல்லை, இவரோட படிச்ச சிநேகிதன் இல்லை, ஊர்ச்சங்கத்துக் கிளை கூட இல்லை. அதுக்காகத்தான் நான் ஒசாக்காவைப் பிடிச்சனான்.

இதை என்ர மனிசன் தவராஜாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு எட்டு மாசம் எடுத்தது. "அப்ப அங்க ஆர் இருக்கினம்?" எண்டு கேட்பார். ஒருத்தரும் இல்லையப்பா எண்டுவன். ரெண்டு நாள் யோசிச்சுப்போட்டு வந்து, "பிறகேன் போறம்?" எண்டு கேட்பார்.

அவரிலயும் பிழை இல்லை. சுவிசில இருக்கிற எங்கட சனம் லீவுக்குப் போறதெண்டா லண்டனில தங்கச்சி வீடு, பாரிசில மச்சான் வீடு, கனடாவில பெரியண்ணை வீடு. ஊர் பார்க்கப் போறேல்லை, ஆக்களைப் பார்க்கப் போறது. அங்க போயும் பொம்பிளையள் குசினிக்குள்ள வெங்காயம் உரிப்பம், ஆம்பிளையள் ஹோலுக்குள்ள இருந்து தேத்தண்ணி கேட்பினம். ரெண்டு கிழமை முடிய அந்த ஊரில எனக்குத் தெரிஞ்ச இடம் தமிழ்க்கடை ஒண்டுதான்.

ஆக்கள் இஞ்ச வந்தாலும் அதே கதைதான். நாங்கள் இருக்கிறது ஓல்டன். எல்லாப் பக்கத்து ரயிலும் வந்து சந்திக்கிற இடம், சொந்தக்காரரும் அப்பிடித்தான் வந்து இறங்குவினம். இருபத்திரண்டு வருசமா வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்தான் பயணத் திட்டம் போட்டனான். முதல் நாள் லுட்சேர்ன் மரப்பாலம், ரெண்டாம் நாள் ரைன் அருவி, மூண்டாம் நாள் டிட்லிஸ் பனிமலை. விடிய எழும்பிப் புளிச்சோறும் கோழிப்பிரட்டலும் கட்டி வான் வண்டிக்குள்ள ஏத்துறதும் நான்தான்.

டிட்லிசுக்குப் பதினெட்டுத் தரம் போயிருக்கிறன். மேல ஒருக்காலும் போகேல்லை. முதல் தரம் மகள் ஹரிஷா கைக்குழந்தை, குளிர் கூடாதெண்டு கீழ நிண்டனான். அடுத்த தரம் சாப்பாட்டுக்குக் காவலா ஆரும் ஒராள் நிக்கோணும் எண்டிச்சினம். பிறகு ஒருத்தரும் என்னைக் கேட்கவும் இல்லை, நானும் வாய் திறக்கேல்லை. அவையள் பனிக்குள்ள நிண்டு படம் எடுக்க, நான் கார் நிப்பாட்டுற இடத்தில பேப்பர்த் தட்டு அடுக்கிக்கொண்டு நிப்பன். போன வருசம், பதினெட்டாம் தரம், கனடாவில இருந்து வந்த இவற்ற பெரியம்மாவின்ர மகன் மலையால இறங்கி வந்து, "உங்களுக்கென்ன மச்சாள், பக்கத்தில இருக்கிறியள், நினைச்ச நேரம் மேல போய்ப் பார்க்கலாம்" எண்டார். வந்த விசருக்குக் கோழிச்சட்டியை அந்த இடத்திலயே கவிட்டுக் கொட்டியிருப்பன். கொட்டேல்லை, தட்டில போட்டுக் குடுத்தன். ஆனா சாகிறதுக்குள்ள ஒரு ஊரை ஒழுங்கா, உள்ளுக்குப் போய்ப் பார்க்கிறது எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

பல் டொக்டரிட்டக் காத்திருக்கேக்கதான் ஒரு புத்தகத்தில ஒசாக்காவைக் கண்டனான். வாய்க்கால் கரை, ரெண்டு பக்கமும் விளக்கு, ஒரு சாப்பாட்டுக்கடை முகப்பில ஒரு வான் வண்டி அளவு நண்டு. அது காலை ஆட்டும் எண்டு படத்துக்குக் கீழ எழுதியிருந்தது. சனம் றோட்டில நிண்டு வாங்கி வாங்கிச் சாப்பிடுது. ஒருத்தரும் வீட்டில இருந்து கட்டிக்கொண்டு வந்த மாதிரித் தெரியேல்லை. சரி, இதுதான் எண்டு நினைச்சன்.

நான் முதியோர் இல்லம் ஒண்டில சலவைப் பகுதியில வேலை. எங்கட ஷெஃபின், மேலதிகாரி, 2018 நவம்பருக்கு ரெண்டு கிழமை லீவு தந்தவ. அண்டையில இருந்து இடைவேளைக்கு இடைவேளை கொப்பியும் பேனையுந்தான். நம்பா எண்ட பகுதியில ஹோட்டல், காலைச் சாப்பாட்டோட. முதலாம் நாள் நித்திரை, வேற ஒண்டும் இல்லை. ரெண்டாம் நாள் மீன் காட்சிச்சாலை, திமிங்கிலச் சுறா நீந்துற தொட்டி இருக்காம். மூண்டாம் நாள் உமேதாவில ரெண்டு கட்டடத்தை உச்சியில சேர்த்துக் கட்டின மொட்டைமாடி, வெயில் சாயிற நேரம் போகோணும். நாலாம் நாள் வியாழக்கிழமை, கோட்டை, எட்டுத் தட்டு மாடி, ஒன்பது மணிக்குத் திறக்கிறது. எந்த ரயில், எந்த வாசலால வெளிக்கிடுறது, மழையெண்டா எங்க போறது, எல்லாம் எழுதினன். ஊர்ச் சனத்துக்கெல்லாம் திட்டம் போட்டுப் போட்டுப் பழகின கைதான். எனக்கெண்டு எழுதினது இதுதான் முதல் தரம்.

பயணத்துக்கு மூண்டு கிழமை இருக்கேக்க, ஞாயிற்றுக்கிழமை பேர்ண் கோயிலுக்குப் போன மனிசன் முகமெல்லாம் சிரிப்பா வந்தார்.

"சந்திரா, ஆள் கிடைச்சிட்டுது."

"என்ன ஆள்?"

"ஒசாக்காவில ஆள்."

கோயிலில வழமையாச் சந்திக்கிற மகேஸ்வரன் அண்ணையிட்டப் பயணத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் அதிலயே நிண்டு கனடாவுக்கு ரெலிபோன் அடிச்சிருக்கிறார். பூசை முடியிறதுக்கிடையில ஒரு பானுஜனைக் கண்டுபிடிச்சிட்டினம். இவற்ற ஒண்டுவிட்ட அக்காவின்ர மகனாம். ஒசாக்காவில பழைய கார் ஏத்துமதி செய்யிற கொம்பனி ஒண்டில வேலை, பெண்சாதி சரணியா, ஒன்றரை வயசில ஒரு பெட்டைக்குஞ்சு. இவர் பிறந்ததுக்கு அந்தப் பெடியனைக் கண்ணால கண்டதில்லை.

"அவை வீட்டில நிக்கலாம். பதினொரு நாளும். வாற வழியிலயே ஹோட்டலை வேண்டாமெண்டு எழுதிப்போட்டன்."

எங்கள் ரெண்டு பேருக்கும் ஈமெயில் ஒண்டுதான், அது இவற்ற பேரில.

"சொந்தக்காரன் இருக்கேக்க ஹோட்டலில நிண்டா ஆக்கள் என்ன கதைப்பினம்? மானக்கேடு. அஞ்சு கிலோ மிளகாய்த்தூள் கொண்டு வாறம் எண்டும் சொல்லியாச்சு. நீ அங்க ரெண்டு கறி வைச்சுக் குடுத்தியெண்டா பாவம், அந்தப் பிள்ளைக்கும் உதவி."

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில இல்லை, கோவத்தில. உலக உருண்டையில எங்கட ஆக்கள் இல்லாத ஒரு ஊரைத் தேடிப் பிடிச்சா, இந்த மனிசன் அங்கையும் எனக்கொரு குசினி கண்டுபிடிச்சுத் தந்திருக்கு.

கொம்பியூட்டரைத் திறந்தன். அந்த ஹோட்டல் நிரம்பியிட்டுது. நவம்பரில இலை சிவக்கிறதைப் பார்க்க சனம் குவியுமாம். ரெண்டு மணித்தியாலம் தேடினன். தென்னோஜி எண்ட இடத்தில சின்ன அறை ஒண்டு கிடைச்சது, பெட்டியை விரிச்சா நடக்க இடமில்லை. போட்டன், இந்த முறை ஹரிஷாவின்ர ஈமெயிலில. பிறகு கொப்பியை எடுத்து எல்லா ரயிலையும் வெட்டித் திருப்பி எழுதினன்.

"பானுஜனுக்கு நான் என்னண்டு முகம் குடுக்கிறது?" எண்டு பின்னால நிண்டு புறுபுறுத்தார்.

"நீங்கள் குடுக்க வேண்டாம். நான் கதைக்கிறன்."

அடுத்த நாள் காலமை ரெலிபோன் எடுத்தன். அங்க பின்னேரம். சரணியாதான் எடுத்தவள்.

"வாங்கோ மாமி, வடிவா வாங்கோ, ஒரு கரைச்சலும் இல்லை" எண்டாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருசம் நான் ரெலிபோனில கதைச்ச குரல்.

"நாங்கள் உங்கட வீட்டில நிக்க வரேல்லை பிள்ளை. ஹோட்டல் போட்டிட்டன்."

"மெய்யாவோ மாமி?" எண்டாள். பிறகு பயந்து போய், "ஐயோ, நீங்கள் பிழையா நினைக்கக் கூடாது" எண்டு தொடங்கினாள். நான் ஒண்டும் நினைக்கேல்லை எண்டன். அதுக்குப் பிறகு கொட்டித் தீர்த்தாள். ரெண்டு அறை வீடாம். சிட்னியால, சிங்கப்பூரால, கொழும்பால எண்டு இந்த வருசம் நாலு குடும்பமாம். ஆரோ ஒருத்தர் ஆரோ ஒருத்தரிட்ட நம்பர் வாங்கி வருவினமாம்.

"கோட்டை எப்பிடிப் பிள்ளை, உள்ளுக்கு வடிவோ?"

"தெரியாது மாமி. நாலு தரமும் சின்னவளோட வெளியில நிண்டனான். அவையின்ர பைகளையும் பார்க்கோணுமெல்லோ."

ஒருத்தரும் இல்லாத ஊர் எண்டுதான் நான் வெளிக்கிட்டனான். அதில மாற்றமில்லை, அவள் வீட்டுப் படி மிதிக்கப் போறேல்லை. ஆனா அதைக் கேட்டுப்போட்டு என்னால ரெலிபோனை வைக்க ஏலேல்லை.

"வியாழக்கிழமை காலமை ஒன்பது மணிக்குக் கோட்டைக்கு வா. சமைச்சு ஒண்டும் கட்டக் கூடாது, சொல்லிப்போட்டன். நானும் நீயும் எட்டுத் தட்டும் ஏறுறம்."

"அவருக்கு வேலை மாமி. சின்னவளை ஆர் பார்க்கிறது?"

"அதுக்கு ஒராள் சுவிசில இருந்து வாறார்."

அவள் சிரிச்ச சிரிப்பு இவருக்கும் கேட்டிருக்கும். நான் கொப்பியில நாலாம் நாளுக்கு நேர எழுதிறதை எட்டிப் பார்த்தார். கோட்டை, ரெண்டு பேர்.

"நானும் நீயுமோ?"

"இல்லை. நானும் சரணியாவும். நீங்கள் வெளியில, பிள்ளையோட. எங்கட பைகளையும் பார்க்கோணும்."

சண்டைக்கு வருவார் எண்டு பார்த்தன். வரேல்லை. கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் நிக்கோணும்?" எண்டு கேட்டார்.

இத்தனை வருசத்தில இவர் எனக்காக அதை ஒருநாளும் கேட்டதில்லை. இண்டைக்குத்தான் கேட்டவர், தனக்காக.